பயில்பவன் கைக்கு ஏற்ற சுவாலை

யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை தருவதாயின் அது கம்பனைப் பற்றியதாகவோ கந்தபுராணத்தைப் பற்றியதாகவோ இருக்கும் என்று அன்பர்கள் எண்ணுதல் இயல்பே. மலர்க்குழுவினரும் அவ்வாறே எண்ணி எம்மை அணுகினர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ இரும்பை உருக்கி ஒட்டும் தொழில். பட்டறைக்காரர் அதனைக் காஸ் வெல்டிங் என்பர். பொருள் மாறியதற்குக் காரணம் உண்டு. பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி நினைவாகக் கல்லூரிக்கு ஒரு தொழிற்கூடம் அமைத்துத் தர முன்வந்துள்ளனர். அதற்கு வாங்கவிருக்கும் கருவிகளின் பட்டியலை யாமும் கண்டோம். அப்பட்டியலில் ஒரு வரி எமக்கு உடன்பாடன்று. "வெல்டிங், வெட்டுதல் யாவற்றுக்கும்: ஒட்சிசன், சமையல் வாயு" என்பதே அவ்வரி. அதனை மாற்றுமாறு வேண்டவே இதனை எழுதுகின்றோம்.

தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்க்கும் விடை கூறவேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றபின், அப்பிரிவு மாணவர் தம் குறிப்பேடுகளை எம்மிடம் கொணர்ந்து சொற்பிழை பார்த்துத் தருமாறு கேட்பது வழக்கமாயிற்று. ஒரு நாள் ஒரு மாணவனின் ஏட்டில் நடுநிலைச் சுவாலை, ஒட்சியேற்றும் சுவாலை, காபனேற்றும் சுவாலை என மூவகை எழுதப்பட்டிருந்தன. சந்தியைத் திருத்திக் கொடுத்தோம். அவன் போகாமல் நின்று, "சேர், நடுநிலைச் சுவாலை எண்டால் பாக்க எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான். எமக்குத் தெரியவில்லை. காட்டுதற்குக் கல்லூரியில் ஒரு கருவியும் இருக்கவில்லை. சொல்லைத் திருத்தத் தெரிந்தது. பொருளைக் காட்டத் தெரியவில்லை. அந்த வெட்கமே எம்மைப் பட்டறைக்கு அனுப்பியது.

முதலில் யாம் சென்ற பட்டறையின் பெயரை இங்கே கூறவேண்டியதில்லை. அங்கே ஒட்சிசனுடன் சமையல் வாயுவையே எல்லா வேலைக்கும் பயன்படுத்தினர். தடித்த இரும்பை வெட்டுவர். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வளைப்பர். பித்தளை வைத்து ஒட்டுவர். இவை யாவும் குறைவின்றி நடந்தன. ஆயின் இரு மெல்லிய தகடுகளை உருக்கி ஒன்றாக்க முயன்ற பொழுது எம் கை தோற்றது. தகடு நெடுநேரம் சிவந்தே நின்றது. சிவப்பு அகன்று பரவத் தகடு நெளிந்தது. ஈற்றில் உருகியபோதோ நுரைத்துப் பொங்கித் துளை விழுந்தது. தப்பித் தவறி ஒட்டிய இடமும் வளைத்தவுடன் பொருக்குப்போல் உடைந்தது. நான்கு சனிக்கிழமைகள் இவ்வாறு கழிந்தன. நாற்பது வயதுக்குமேல் கை பணியாது போலும் என்று எமக்கு யாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

எமது தோல்வி பெரிதன்று. எமக்குச் சம்பளம் வேறிடத்தில் வருகின்றது. எம்மோடு அங்கே பழகிய பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கும் இதே கதி நேர்ந்தது. "உனக்குக் கை வராது" என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் கெட்டவர் அல்லர். தாம் உண்மை என்று நம்பியதையே சொன்னார். பையன் தொழிலை விட்டு இப்பொழுது ஒரு கடையில் பொதி கட்டுகின்றான்.

அப்பால் யாம் சென்றது, கொழும்பிலே நெடுங்காலம் தொழில் செய்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவரிடம். வீட்டுக் கோடிப்புறத்தில் ஒரு தகரக் கொட்டில். அதுவே அவர் பட்டறை. யாம் கொண்டு சென்ற உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஸ்டர், உங்கட கையில பிழை இல்லை. காஸிலதான் பிழை" என்றார். "காஸ் எதுவாயிருந்தால் என்ன அண்ணை, நெருப்பு நெருப்புத்தானே?" என்றோம். அவர் விடை கூறவில்லை. அசற்றலீன் வால்வைச் சற்றே திறந்து பொறி தட்டினார்.

முதலில் எழுந்தது மஞ்சள் நிறச் சுவாலை. அதிலிருந்து கரும்புகை நூல்நூலாகப் பறந்தது. வாயுவைக் கூட்டப் புகை அடங்கிற்று. பின்னர் ஒட்சிசனைச் சிறிது சிறிதாகத் திறந்தார். மஞ்சள் மறைந்து நீலமாகியது. குழாய்முனையில் வெண்ணிறக் கூம்பு ஒன்று தோன்றியது. அதனைச் சூழ இறகு போன்ற மங்கிய வெண்மை. அதற்கும் புறத்தே நீண்ட நீலம். ஒட்சிசன் ஏற ஏற அந்த இறகு குறுகியது. குறுகிக் குறுகிக் கூம்பினுள்ளே அது மறைந்த கணத்தில் கையை நிறுத்தினார். மாணவன் கேட்ட நடுநிலைச் சுவாலை அதுதான். ஒட்சிசன் இன்னும் கூடினால் கூம்பு சிறுத்துக் கூராகிச் சீறும். அது ஒட்சியேற்றும் சுவாலை. இறகு எஞ்சி நின்றால் அது காபனேற்றும் சுவாலை. ஏட்டிலே மூன்று வரியாகக் கிடந்ததை அன்று கண்ணாற் கண்டோம். கால் மணித்தியாலத்துக்குள் எம் கையாலேயே தகட்டில் உருகிய இரும்பின் சிறு குளம் ஒன்று தோன்றி அசைந்தது. துளை விழவில்லை.

ஒரே கை, ஒரே தகடு, ஒரே கிழமை. வேறுபட்டது வாயு ஒன்றே. ஏன் இவ்வாறாயிற்று என்பதைப் பின்னர் நூல்களிற் படித்தறிந்தோம். ஒரு கனமீற்றர் அசற்றலீன் எரிந்தால் ஏறத்தாழ 55 மெகாயூல் வெப்பம் பிறக்கும். ஒரு கனமீற்றர் புரொப்பேன் ஏறத்தாழ 93 மெகாயூல் தரும். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் புரொப்பேனே சிறந்தது என்பர். பட்டியல் எழுதியவரும் இவற்றைத்தான் பார்த்திருத்தல் வேண்டும். ஆனால் அவ்வெப்பம் சுவாலையில் எங்கே பிறக்கின்றது என்பதே கேள்வி. அசற்றலீனின் வெப்பத்தில் ஏறத்தாழ 19 மெகாயூல், அதாவது மூன்றிலொரு பங்கு, அந்தச் சிறு வெண்கூம்பிலேயே வெளிப்படுகின்றது. புரொப்பேன் கூம்பில் தருவது ஏறத்தாழ 10 மெகாயூல், ஒன்பதிலொரு பங்கே; எஞ்சியதெல்லாம் புறச்சுவாலையிற் பரந்து போகின்றது. சுவாலையின் உச்ச வெப்பநிலையும் அசற்றலீனுக்கு ஏறத்தாழ 3,100 பாகை செல்சியசு, புரொப்பேனுக்கு ஏறத்தாழ 2,800 பாகை. தடித்த இரும்பை அகலக் காய்ச்சப் புறச்சுவாலையின் வெப்பம் பெரிதும் உதவும். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர்த் தகட்டில் ஒரு புள்ளியை மட்டும் உருக்கி அயலைக் கெடாமல் வைத்திருக்க அது உதவாது. தகடு நெளிந்ததன் காரணம் இதுவே.

நுரைத்ததற்குக் காரணம் வேறு. அசற்றலீனின் நடுநிலைச் சுவாலையிலே கூம்பை அடுத்து நிற்பவை காபனோரொட்சைட்டும் ஐதரசனும். இவ்விரண்டும் ஒட்சிசனை நாடி நிற்பவை; ஆதலால் உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கின்றன. குளத்தின்மேல் ஒரு போர்வை கிடப்பது போலாம். புரொப்பேன் சுவாலையை உருக்கும் அளவுக்கு வெப்பமாக்க ஒட்சிசனைக் கூட்டவேண்டும். கூட்டினால் போர்வை போய்விடும். இரும்பு எரிந்து நுரைக்கும். எவ்வளவு கைதேர்ந்தவன் பிடித்தாலும் இந்நிலை மாறாது.

தமிழாசிரியன் புத்தி ஒரு கணம் தன் வழியே செல்ல வாசகர் அனுமதிக்க வேண்டும். வெண்பா இலக்கணம் பயின்றோர் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பொருந்தாவிடத்து ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அதற்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பொருத்தக் கம்மியர் இடும் பற்றாசே அப்பெயருக்கு மூலம். 1990 களிலே, பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த நாளில், முறிந்த துவிச்சக்கர வண்டிச் சட்டத்தைக் கரியுலையில் வைத்து, வெண்காரம் தூவி, பித்தளை உருக்கி ஒட்டிக் கொடுத்த கம்மியரை எம் வயதினர் மறந்திரார். அது ஆசு. அங்கே இரும்பு உருகுவதில்லை. ஏறத்தாழ 900 பாகையில் உருகும் பித்தளை இடையே புகுந்து பற்றிக்கொள்ளும். வெல்டிங் என்பதோ, ஏறத்தாழ 1,500 பாகையில் இரும்பே உருகி இரும்போடு கலப்பது. இரண்டையும் 'ஒட்டுதல்' என்ற ஒரு சொல்லால் வழங்குவதனாலேயே இரண்டுக்கும் ஒரே வாயு போதும் என்ற மயக்கம் பிறந்தது என்பது எம் எண்ணம். ஆசுக்குச் சமையல் வாயு போதும்; நன்றும் ஆம். வெட்டுதலுக்கும் அவ்வாறே, ஏனெனில் அங்கே காய்ச்சுவது மட்டுமே சுவாலையின் பணி. சிவந்த இரும்பை எரித்து அறுப்பது ஒட்சிசன் தாரை. உருக்கி ஒன்றாக்குதற்கு மட்டும் அசற்றலீன் வேண்டும்.

பயிலும் முறையையும் சிறிது கூறுவோம். அண்ணை எமக்கு முதலில் கம்பி தரவில்லை. 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லுருக்குத் தகடு ஒன்றைத் தந்து, குளத்தை உண்டாக்கி வலப்புறமிருந்து இடப்புறமாக நகர்த்திச் செல்லுமாறு பணித்தார். இரு வாயுவுக்கும் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அளவான அமுக்கமே. கூம்பின் நுனி குளத்துக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீற்றர் தூரத்தில் நிற்கவேண்டும். தொட்டால் 'படார்' என்று வெடித்து அணையும். யாம் அழகிய சுவாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நெருப்பைப் பாக்காதேங்கோ மாஸ்டர், குளத்தைப் பாருங்கோ" என்று அன்று பத்து முறையாவது சொல்லியிருப்பார். குளம் தெளிந்து அமைதியாக நகர்ந்தால் சுவாலை சரி. பொறி பறந்து நுரைத்தால் ஒட்சிசன் கூடிற்று. கலங்கிக் கொதித்தால் அசற்றலீன் கூடிற்று. ஏடு தொடக்கும் நாளில் அரிசியிலே விரல் பிடித்து எழுதுவிப்பது போல, கம்பியின்றிப் பல வரிகள் இழுத்தபின்பே அடுத்த பாடம். இரு தகடுகளின் ஓரங்களைக் கூரைபோலச் சேர்த்து நிறுத்தி அவ்வோரங்களையே உருக்கி இணைப்பது இரண்டாவது. மூன்றாவதாகவே இடக்கையில் கம்பி வந்தது. கம்பியைச் சுவாலையில் உருக்கிச் சொட்டவிடலாகாது; குளத்திலே தோய்த்தெடுக்க வேண்டும். வலக்கை ஒரு தாளத்திலும் இடக்கை வேறொரு தாளத்திலும் செல்லவேண்டியிருத்தலால் இங்கேதான் பலர் இடறுவர். யாம் மூன்று வாரம் இடறினோம். ஒட்டியதை வைசில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து வளைப்பதே பரீட்சை. உடையாது மடிந்த முதலாவது துண்டு எம் மேசைமேல் இப்பொழுது தாளின் மீது பாரமாக இருக்கின்றது.

அசற்றலீன் ஆபத்தானது என்பார் கூற்றையும் தள்ளிவிட முடியாது. அது மெய்யே. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் தனி அசற்றலீன் தானாகவே சிதைந்து வெடிக்க வல்லது. அதற்குக் காற்றும் வேண்டியதில்லை. ஆதலினாலேயே சிலிண்டரினுள் நுண்டுளைப் பொருளை நிரப்பி, அதில் அசற்றோனை ஊறவைத்து, அசற்றோனிலே வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். இத்தகைய நுண்டுளைப் பொருளொன்றை ஆக்கியவர்களுள் சுவீடன் தேசத்துக் குஸ்தாவ் டாலேன் தலையாயவர். 1912 ஆம் ஆண்டு அசற்றலீன் சோதனையொன்றில் நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களையும் இழந்தார். அதே ஆண்டில், கலங்கரை விளக்குகளைத் தாமே இயங்கச் செய்த அவரது கருவிகளுக்காகப் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அவரால் செல்ல முடியாமையால் சகோதரர் சென்று பெற்றார். கண்ணிழந்த பின்னும் 1937 இல் இறக்கும்வரை அவர் தம் நிறுவனத்தை நடத்தினார். நூறாண்டுக்கு மேலாக இவ்வாயுவின் இயல்பு அறியப்பட்டே இருக்கின்றது. விதிகளும் எழுதப்பட்டே இருக்கின்றன. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கிடத்தினால் அசற்றோன் வெளிவரும். ஒரு மணித்தியாலத்தில் கொள்ளளவின் ஏழிலொரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது பழைய விதி. பத்திலொன்று என்பது இற்றை விதி. செம்புக் குழாயில் அசற்றலீனைச் செலுத்தலாகாது, வெடிக்கும் சேர்வை உண்டாகும். ஒட்சிசன் வால்வில் எண்ணெய்க் கையை வைக்கலாகாது. தீ குழாய்வழி பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கருவி இரு பக்கத்திலும் இருத்தல் வேண்டும்.

சமையல் வாயு பழகிய பொருள் ஆதலால் தீங்கற்றது என்று கருதுவதும் பிழை. அசற்றலீன் காற்றிலும் சிறிது இலேசானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்துபோகும். புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு பாரமானது, பியூட்டேன் இரு மடங்கு. கசிந்தால் நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்திற் படியும். தொழிற்கூடத்துக்குக் குறித்துள்ள இடமோ பாவனையற்ற பழைய கிணற்றுக்கு அருகில் இருக்கின்றது. இதனையும் சங்கத்தார் நோக்க வேண்டும். மேலும் சமையல் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. விகிதம் மாறினால் அமுக்கம் மாறும். 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நம் நாட்டுச் சமையலறைகளில் நேர்ந்த வெடிப்புகளின் பின் இவ்விகிதம் வீடுதோறும் பேசப்பட்டது. மறு ஆண்டு வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திலர்.

விலையைப் பற்றி ஒரு சொல். அசற்றலீன் விலை கூடியது, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பங்கு அசற்றலீனுக்குச் சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ ஒரு பங்கு ஒட்சிசன் போதும். எஞ்சியதைக் காற்றே தரும். ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு ஒட்சிசன் செல்லும். எரிவாயுவில் மிஞ்சியது ஒட்சிசன் சிலிண்டரிற் போகும். பயில்பவனோ சிறிய குழாய்முனையோடு பழகுபவன்; அவன் செலவழிக்கும் வாயு சொற்பம்.

ஐதரசனைச் சிலர் கூறுவர். அதன் சுவாலை கண்ணுக்கு நன்கு புலப்படாமையால் பயில்பவனுக்கு உதவாது. மன்னார்க் கடற்படுகையில் 2011 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இயற்கை வாயு இன்னும் நம் கைக்கு வரவில்லை. வந்தாலும் அது புரொப்பேன் வரிசையிலேயே நிற்கும். கல்சியம் காபைட்டையும் நீரையும் கொண்டு நாமே அசற்றலீன் ஆக்கலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். பழைய கராஜுகளில் அவ்வாறு செய்தனர். பள்ளிக்கூடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்று மின்வில்லால் ஒட்டுவதே பெருவழக்கு. காஸ் வெல்டிங்கை ஏன் கற்பிக்கவேண்டும் என்ற வினா எஞ்சுகின்றது. தொழிலில் அதன் இடம் சுருங்கியது உண்மை. ஆயின் மின்வில் கண்ணைப் பறிக்கும் வேகத்தில் நிகழ்வது. தொடக்கக்காரன் அதில் குளத்தைக் காணுமுன்பே துளையைக் காண்பான். வாயுச் சுவாலை பொறுமையானது. இரும்பு எப்போது சிவந்தது, எப்போது வியர்த்தது, எப்போது உருகிற்று என்பதைக் கண்டு நிற்க அவகாசம் தரும். வலக்கையில் வெப்பம், இடக்கையில் கம்பி என்று இங்கே பழகியவனுக்கு, ஆகன் வாயுவின் காப்பில் செய்யும் நுண்ணிய மின் ஒட்டும் எளிதில் வசமாகும். கை அசைவு இரண்டுக்கும் ஒன்றே. குளிரூட்டிகளின் செம்புக் குழாயை ஆசிட்டு இணைக்கும் தொழிலுக்கும் இக்கை உதவும். மேலே கற்க விரும்புவோர்க்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கின்றது. அங்கே செல்லுமுன் தன் கை வருமா வராதா என்பதை ஒருவன் நேர்மையான சுவாலையோடு பழகி அறிந்துகொள்ள வேண்டாமா?

ஆகவே அவ்வரி இவ்வாறு அமையட்டும்: உருக்கி ஒட்டுதற்கு அசற்றலீன் சிலிண்டர் ஒன்று, வெட்டுதற்கும் ஆசிடுதற்கும் சமையல் வாயு, அதற்குரிய வேறு குழாய்முனைகளோடும் வேறு ரப்பர்க் குழாயோடும், இரண்டுக்கும் தீத்தடுப்புக் கருவிகள், சிலிண்டரைச் சங்கிலியாற் பிணைத்து நிறுத்தும் தள்ளுவண்டி, 5 ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடிகள், பார்த்து நிற்போர்க்கும் போதுமான அளவில். கூடம் இருபுறமும் திறந்ததாய், கிணற்றைவிட்டுத் தள்ளி அமையவேண்டும். கற்பிக்கத் தேர்ந்த ஒருவரைச் சங்கத்தார் நியமிப்பாராயின், சனிக்கிழமை காலைகளில் கூடத்தைத் திறந்து பூட்டும் பொறுப்பை யாம் ஏற்போம். கலைப்பிரிவு மாணவரையும் வரவிடுதல் வேண்டும். கடையிற் பொதி கட்டும் அந்தப் பையனுக்கும் சொல்லியனுப்பியிருக்கின்றோம். அவன் எம் கல்லூரி மாணவன் அல்லன். சங்கத்தார் அதற்குத் தடை கூறார் என்று நம்புகின்றோம்.